டிவி கேம் முதல் பிஎஸ்5 வரை: ஒரு பீமாப்பள்ளிக் கணக்கு

ஐப்பசி பிறந்தால் ஊருக்குப் போகிறவர்களிடமிருந்து எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "டிசம்பர்ல போறோம். அக்கா பையனுக்கு ப்ளேஸ்டேஷன் இங்கேயே வாங்கிட்டுப் போலாமா, அங்கே போய் வாங்கிக்கலாமா? எக்ஸ்பாக்ஸ் விலை கம்மியாமே? நிண்டெண்டோ அங்கே ஓடுமா?" பொட்டி தட்டுகிறவனுக்கு விளையாட்டுப் பொட்டியும் தெரிந்திருக்கும் என்று நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. உண்மையில் எனக்கு விளையாட வராது. பத்து வயதுப் பெண் எனக்கு எதிரே உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் விலைக்கணக்கு பார்ப்பது ரத்தத்திலேயே இருக்கிறது. தாத்தாவும் அப்பாவும் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதினவர்கள்.

அதனால் ஒருவர் ஒருவராகப் பதில் சொல்வதை விட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதப் போனால் நாற்பது வருடத்துக் கதையாக நீள்கிறது. தங்கமணி "ஆணி புடுங்குற நேரத்துல இதெல்லாம் தேவையா" என்கிறார். தேவைதான். ஏனென்றால் எந்தப் பொட்டி நல்ல பொட்டி என்று அமெரிக்கப் பத்திரிகைகள் சொன்ன பதிலும் எங்கள் ஊர் சொன்ன பதிலும் ஒருமுறைகூட ஒத்துப்போனதில்லை.

முதலில் ஊர். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம், கடை இந்தப் பக்கம் என்று ஆன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சாலை, கரமனை, வலியசாலை, கோட்டைக்குள் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆ. மாதவன் கதைகளில் வருமே, அதே சாலைதான். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் நாஞ்சில் தமிழ், கடையில் இரண்டும் கலந்து ஒன்று. அந்த ஊருக்கு வீடியோ கேம் ஜப்பானிலிருந்து வரவில்லை. அமெரிக்காவிலிருந்தும் வரவில்லை. ஷார்ஜாவிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தது. அது ஏன் என்பதுதான் கதையின் முக்கியமான பாகம்.

வீடியோ கேம் வரலாறு எழுதுகிறவர்கள் பொட்டியில் தொடங்குவார்கள். நாம் டிவியில் தொடங்க வேண்டும். கேரள அரசு 1973ல் கெல்ட்ரான் நிறுவனத்தைத் தொடங்கியது. தலைமையிடம் திருவனந்தபுரம். 1985ல் தூர்தர்ஷனின் மலையாள ஒளிபரப்பு அங்கே தொடங்கியபோது எங்கள் தெருவில் இருந்த டிவிகளில் பாதி கெல்ட்ரான் கறுப்பு வெள்ளைதான். மரப்பெட்டி மாதிரி உடம்பு, சேனல் மாற்ற 'டொக் டொக்' என்று திரும்பும் குமிழ், பின்னால் ஆன்டெனா ஒயர் முடுக்க இரண்டு திருகு. அவ்வளவுதான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் எல்லாம் கலர் டிவி பரவலான பிறகு வந்த ஆடம்பரம். ஆக, எந்த விளையாட்டுப் பொட்டியாக இருந்தாலும் அந்த ஆன்டெனாத் திருகு வழியாக, ஒரு டிவி நிலையம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் டிவி முறை என்டிஎஸ்சி, மின்சாரம் 120 வோல்ட். இந்தியாவில் பால் முறை, 230 வோல்ட். அமெரிக்காவில் வாங்கிய பொட்டியை அந்தக் கெல்ட்ரானில் மாட்டினால் படம் கட்டுக்கடங்காமல் உருளும், சத்தம் வராது. அடாப்டரை யோசிக்காமல் சுவரில் செருகினால் வேறு மாதிரி சத்தம் வரும். சரி, இங்கிலாந்து? அதுவும் பால்தானே என்று கேட்பீர்கள். பால்தான். ஆனால் அங்கே படத்துக்கும் ஒலிக்கும் நடுவில் 6 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. இந்தியாவில் 5.5. படம் தெளிவாக விழும்படி வைத்தால் மரியோ ஊமையாகக் குதிப்பார். அதுபோக இங்கிலாந்துப் பொட்டிகள் யுஎச்எஃப் அலைவரிசையில் பேசுபவை. நம் பழைய டிவிகளில் பலவற்றுக்கு அந்தக் காதே கிடையாது.

ஐக்கிய அரபு அமீரகத்தில்? பால், 5.5 மெகாஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், 220ஐ ஒட்டிய வோல்ட். அதாவது துபாய்க் கடைக்காக ஒருவன் தைவானில் ஒரு பொட்டி செய்தால், அவனுக்கே தெரியாமல் அதைத் திருவனந்தபுரத்துக்கும் சேர்த்துச் செய்துவிட்டான் என்று அர்த்தம். வளைகுடாவில் மலையாளிகளும் நம்மவர்களும் வேலைக்குப் போனது எண்ணெய்க்காக. ஆனால் அவர்கள் பெட்டியில் கொண்டுவந்த டேப்ரிகார்டரும் விசிஆரும் டிவி கேமும் ஊரில் பழுதில்லாமல் ஓடியதற்கு இந்த டிவி முறை ஒற்றுமையும் ஒரு காரணம். 1991ல் திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே வளைகுடா விமானங்கள் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தன. கயிறு கட்டி, நாலு பக்கமும் பெயர் எழுதின அட்டைப்பெட்டிகளை அந்த வாசலில் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பொட்டிக்கு வருவோம். நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பொட்டியை 14,800 யென்னுக்கு இறக்கியது. 1985ல் அமெரிக்காவுக்குப் போகும்போது அதற்கு என்இஎஸ் என்று பெயர் மாற்றி, உள்ளே ஒரு பூட்டுச் சில்லும் வைத்தார்கள். நிண்டெண்டோவின் அனுமதி இல்லாத கேசட் அதில் ஓடாது. ஜப்பான் பொட்டியில் அந்தப் பூட்டு இல்லை. இதைத்தான் தைவான்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பூட்டில்லாத வீட்டுக்குச் சாவி செய்ய வேண்டாமே! மைக்ரோ ஜீனியஸ் போன்ற நகல்கள் வளைகுடாக் கடைகளில் நிறைந்தன. தொண்ணூறுகளில் மொத்தப் பொட்டியையும் ஒரே சில்லுக்குள் அடக்கிவிட்டார்கள். திறந்து பார்த்தால் பச்சைப் பலகை நடுவில் உருக்கி ஊற்றிய கறுப்புப் பொட்டு ஒன்று இருக்கும். அவ்வளவுதான் கம்ப்யூட்டர். டெர்மினேட்டர் என்று ஒன்று வந்தது. வெளியே சேகா மெகா டிரைவின் உடம்பு, உள்ளே நிண்டெண்டோவின் நகல். அப்பன் ஒருத்தன், சாயல் இன்னொருத்தன்.

இந்தியாவுக்குள்ளும் விற்பனை இருந்தது. சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்கள் எண்பதுகளில் பிறந்தவர்களுக்கு நினைவிருக்கும். இருந்தாலும் எங்கள் வட்டாரத்தில் 'டிவி கேம்' என்றால் கல்ஃப் சாமான்தான்.

எங்கள் வீட்டுக்கு அது 1993ல் வந்தது. சின்ன மாமா ஷார்ஜாவில் ஒரு ஏசி ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. அறுபது திர்ஹாம் கொடுத்து வாங்கினேன் என்றார். அவருடைய மாதச் சம்பளம் எழுநூறு. நம் பணத்தில் அந்த அறுபது, ஐநூறு ரூபாயும் சில்லறையும். சாலையில் அப்பாவின் மாதச் சம்பளம் அன்றைக்கு ஆயிரத்து முந்நூறு. அம்மை மாமாவிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவனவன் கட்டில்ல கிடக்க இடமில்லாம பத்துப் பேரோட ஒரு முறியில கிடந்து சம்பாதிக்கான். இந்தக் கோலாகலம் எதுக்கு?" என்று அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள். மாமா சிரித்துக்கொண்டே, "பிள்ளைய களிக்கட்டும்க்கா. நான் எப்பளும் இங்க இருக்கப் போறேனா" என்றார்.

அதில் இன்னொரு சங்கதி உண்டு. மாமாவுக்கு நாகர்கோவிலில் ஒரு மகன், என்னைவிட ஒரு வயது சின்னவன். பொட்டியோ ஒன்றே ஒன்று. ஆறு மாதம் திருவனந்தபுரம், ஆறு மாதம் நாகர்கோவில் என்று மாமாவே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸில் துணியில் சுற்றிய பொட்டியோடு அப்பா வருடத்துக்கு இரண்டு முறை அந்த அறுபத்தைந்து கிலோமீட்டர் போய் வந்தார். கணக்கு எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இந்தப் பஸ் கூலியும் பொட்டியின் விலையில் சேர்த்திதான்.

கூடவே வந்தது '9999 இன் 1' கேசட். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று நம்பி வரிசையாகப் போட்டுப் பார்த்ததில் முப்பது நாற்பதுக்கு மேல் தேறவில்லை. மீதியெல்லாம் அதே ஆட்டத்தை மூன்றாம் கட்டத்திலிருந்தோ ஐந்தாம் கட்டத்திலிருந்தோ தொடங்கி வேறு பெயர் வைத்தது. ஆனால் அந்த முப்பது நாற்பதும் என்ன ஆட்டங்கள்! மரியோ, கான்ட்ரா, டாங்க் ஆட்டம், கார் ஓட்டுவது, சர்க்கஸ், வாத்து சுடுவது. அசல் என்இஎஸ் வாங்கிய அமெரிக்கப் பையன் ஒவ்வொன்றையும் தனிக் கேசட்டாகக் காசு கொடுத்து வாங்கியிருப்பான்.

பழுது? உள்ளே 7805 என்று மூன்று கால் உள்ள ஒரு ஐசி, வந்த மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாக இறக்கித் தருவது. அடிக்கடி சூடாகிப் போவது அதுதான். ரேடியோ ரிப்பேர் செய்கிற எந்தக் கடையிலும் அது சில ரூபாய்க்குக் கிடைக்கும். கிழக்கேக்கோட்டை பக்கம் ஒரு சேட்டன் இருந்தார். பொட்டியைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல் ஆட்டிவிட்டு, "இதொந்நும் இல்லடே, நாளெ வா" என்பார். இதற்குப் பெயர்தான் சர்வீஸ் சென்டர். அந்த மூன்று கால் ஐசிக்காக ஜப்பான்காரனுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தால் எங்கள் தெருவில் ஒரு பொட்டிகூட இரண்டாவது ஓணத்தைப் பார்த்திருக்காது.

இதே காலத்தில் முறையாக வந்தவர் கதி என்ன? 1995 ஏப்ரலில் சேகா நிறுவனம் ஷா வாலஸ் கம்பெனியோடு சேர்ந்து இந்தியாவில் இறங்கியது. அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம். அதைச் சுற்றிப் போகத்தான் இந்த ஏற்பாடு. அப்படியும் மெகா டிரைவின் விலை 18,000 ரூபாய். டாலர் முப்பத்துச் சொச்சம் ரூபாய் விற்ற நாளில் அது ஐநூறு டாலருக்கும் மேல். அமெரிக்காவில் 1989ல் அது அறிமுகமானபோதே 189 டாலர்தான்! மெகா டிரைவ் 16 பிட், எங்கள் நகல் 8 பிட். படம், சத்தம், வேகம் எதிலும் ஒப்பிடவே முடியாது. ஆனால் அப்பாவின் ஒரு வருடத்துச் சம்பளத்தையும் மிஞ்சிய பொருளின் தரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யார் பேசுவார்கள்? சேகாவை நான் சாலையில் ஒரு கண்ணாடிக் கடைக்குள் பார்த்ததோடு சரி.

அதே 1995ல்தான் உலகத்தில் பெரிய சண்டை நடந்தது. மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கண்காட்சியில் சேகா தன் சாட்டர்னை 399 டாலர் என்று அறிவித்தது. பிறகு மேடை ஏறிய சோனிக்காரர் ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார்: 299. அந்தச் சண்டை அங்கேயே பாதி முடிந்துவிட்டது என்பார்கள். மீதிப் பாதியைச் சிடி முடித்தது. 1996ல் வந்த நிண்டெண்டோ 64 அமெரிக்காவில் 199 டாலர்தான். ஆனால் ஆட்டம் வருவது கேசட்டில். கேசட் என்றால் உள்ளே சில்லு. செய்ய நாளும் ஆகும், காசும் ஆகும். அதில் பெரியது 64 மெகாபைட். சிடியில் அதைப்போல் பத்து மடங்கு இடம், அச்சடிக்கும் செலவோ மிகக் குறைவு. ஸ்கொயர் நிறுவனம் நிண்டெண்டோவை விட்டு, 1997ல் ஃபைனல் ஃபேன்டசி 7ஐ ப்ளேஸ்டேஷனில் கொண்டுவந்ததற்கு இந்த இடநெருக்கடி ஒரு பெரிய காரணம். பொட்டி மலிவு, ஆட்டம் விலை அதிகம் என்றால் நாலு ஆட்டம் வாங்குவதற்குள் கணக்கு தலைகீழாகிவிடும். இப்போது பொட்டி வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சிடி மலிவு என்றால் நகலெடுப்பதும் மலிவு. இங்கே பீமாப்பள்ளி உள்ளே வருகிறது.

தெரியாதவர்களுக்கு: பீமாப்பள்ளி, விமான நிலையத்துக்கும் பூந்துறைக்கும் பக்கத்தில் கடலோரமாக உள்ள ஊர். பீமா பீவி அடக்கமான தர்கா இருக்கிறது. சந்தனக்குட விழாவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் போவார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கூட்டம் வரும். தர்காவைச் சுற்றி வெளிநாட்டுச் சாமான் கடைகள் முளைத்தன. முதலில் செண்ட், டார்ச்சு, கேசட், துணி. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து சிடி. அதற்குப் பிறகு டிவிடி. உலகத்தில் எந்தப் படம் வந்தாலும் அங்கே கிடைக்கும் என்று கேரளம் முழுக்கப் பேர். அடூர் படத்திலிருந்து கொரியப் படம் வரை திரைப்பட விழாவுக்கு வருகிறவர்களே ரகசியமாக ஆட்டோ பிடித்துப் போய் வருவார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். அந்தப் பேரின் நிழல் ஊரின் மேலேயே விழுந்துவிட்டதுதான் எனக்கு வருத்தம். 2009 மே மாதம் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் அங்கே ஆறு பேர் இறந்தார்கள். 'திருட்டு சிடி ஊர்தானே' என்ற தொனியில் அதைக் கடந்துபோனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதே ஆட்களின் வீட்டு அலமாரியில் பீமாப்பள்ளி டிவிடி அடுக்கி வைத்திருக்கும்.

சோனி தன் சிடியில் ஒரு தந்திரம் வைத்திருந்தது. சிடியின் உள்வட்டத்தில் தடம் நேராக இல்லாமல் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தில் நாலு எழுத்துக் குறியீடு ஒளிந்திருக்கும். ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஜப்பானுக்கு ஒன்று. வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதும் சிடியில் அந்த நடுக்கத்தைக் கொண்டுவர முடியாது. அதனால் நகல் ஓடாது. ஆனால் பொட்டிக்குள் ஒரு சின்னச் சில்லைப் பற்றவைத்து, 'நடுக்கம் இருக்கிறது, குறியீடும் சரி' என்று பொய் சொல்ல வைத்தால்? அதுதான் மாட் சிப். எங்கள் ஊரில் வெறும் 'சிப்'. 2000 மார்ச்சில் ஜப்பானிலும் அக்டோபரில் 299 டாலருக்கு அமெரிக்காவிலும் வந்த பிஎஸ்2, பீமாப்பள்ளிக் கடையில் கேட்கப்பட்ட விதமே வேறு. "எந்து வேணம்? பிஎஸ் டூவோ? சிப் இட்டதோ, இடாத்ததோ?" சிப் இட்டது என்றால் விலை கூட, வாரன்ட்டி போச்சு, ஆனால் ஒரு சாப்பாட்டுக் காசுக்கு ஒரு ஆட்டம். ஒரே பொட்டிக்கு இரண்டு விலை, இரண்டு ஆயுள். அது சட்டப்படி தப்புதான். ஆட்டம் செய்தவனுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. என் சம்பளமே எழுதிய நிரலுக்குக் கிடைக்கிற கூலி என்பதால் இதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் அந்த சிப் இல்லாமல் அந்த ஊரில் பிஎஸ்2 பிழைத்திருக்காது என்பதும் நடந்த வரலாறு. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

பிஎஸ்2வுக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. அது டிவிடி ஓட்டும். "பிள்ளைகளுக்கு விளையாட, நமக்கு சினிமா பார்க்க" என்று சொல்லி எத்தனை அப்பாக்கள் எத்தனை அம்மாக்களைச் சம்மதிக்க வைத்தார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. பழைய பிஎஸ்1 சிடிகளும் அதில் ஓடின. 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸை 299 டாலருக்கும், நிண்டெண்டோ கேம்க்யூபை 199 டாலருக்கும் இறக்கின. எக்ஸ்பாக்ஸ் பிஎஸ்2வைவிட வேகம். கேம்க்யூப் நூறு டாலர் மலிவு, ஆனால் டிவிடி ஓடாது. சோனி 2013 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தும்வரை பிஎஸ்2 வாழ்ந்தது. மொத்தம் 16 கோடி விற்றது என்று அந்த நிறுவனமே சொன்னது. அதைவிட அதிகம் விற்ற வீட்டு விளையாட்டுப் பொட்டி கிடையாது.

அடுத்த தலைமுறையில்தான் இந்தியாவை ஒரு சந்தையாக மதித்து நேரடியாக வந்தார்கள். 2006 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360: ஹார்டு டிஸ்க் இல்லாதது 19,990, இருப்பது 23,990. அக்‌ஷய் குமாரையும் யுவராஜ் சிங்கையும் விளம்பரத்துக்குப் பிடித்தார்கள். யுவராஜ் பெயரிலேயே ஒரு கிரிக்கெட் ஆட்டமும் வந்தது. வெளிநாட்டில் பிரையன் லாரா பெயரில் விற்ற அதே ஆட்டம். 2007 ஏப்ரலில் பிஎஸ்3: 39,990. டாலர் அன்றைக்கு நாற்பத்தொன்றை ஒட்டி இருந்தது, ஆக 950 டாலருக்கும் மேல். அமெரிக்காவில் உயர்ந்த மாடலே 599 டாலர். அந்த 599க்கே அங்கே அழுதார்கள்!

வேடிக்கை என்னவென்றால் 599க்கு விற்றும் சோனிக்கு நட்டம். பிரித்துப் பார்த்துக் கணக்குப் போடும் ஐசப்ளை நிறுவனம், அந்தப் பொட்டியைச் செய்ய 840 டாலர் ஆகிறது என்று 2006ல் சொன்னது. பொட்டியில் விட்டதை ஆட்டத்தில் பிடிப்பது இவர்கள் வியாபார முறை. சாலையில் இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், சிப் ஏன் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை என்று இதில் புரியும். நட்டத்துக்கு விற்ற பொட்டிக்கு அசல் ஆட்டமே வாங்காத வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஓட்டை விழுந்த பை.

எக்ஸ்பாக்ஸ் 360க்கு வேறு சோதனை. மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் பொட்டி காலி. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரன்ட்டியை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சூடுதான் வில்லன். நியூ ஜெர்சிக் குளிரிலேயே அப்படி என்றால், மே மாதத் திருவனந்தபுரத்தில், ஃபேன் காற்றும் வராத டிவி அலமாரிக்குள்? இன்னொன்று: அமெரிக்காவில் விற்ற 360இன் செங்கல் மாதிரி அடாப்டரில் 100–127 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். ஊருக்குக் கொண்டுபோனவர்கள் பொட்டியை விடக் கனமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் வாங்க வேண்டியதாயிற்று. அந்த டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் சத்தத்தை ஆட்டத்தின் பின்னணி இசை என்று நினைத்த பாட்டிமார் உண்டு.

நிண்டெண்டோவின் வீ 2006ல் 249 டாலர். மூன்றில் மலிவும் அதுதான், வலுக் குறைந்ததும் அதுதான். கையை வீசி விளையாடுகிற அந்த யோசனைக்காகவே பெற்றோர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். இங்கே எங்கள் குடியிருப்பில் அத்தனை தமிழ் வீட்டிலும் ஒன்று இருந்தது. மாமனார் மாமியார் விசிட்டுக்கு வந்தால் பௌலிங் ஆட. ஊரில் நான் அதை ஒருவர் வீட்டில்தான் பார்த்தேன்.

சின்ன மாமா 2008ல் ஷார்ஜாவை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். இருபத்திரண்டு வருடம். வரும்போது பேரனுக்கு என்று எதுவும் வாங்கி வரவில்லை. பேரன் அப்போது பிறக்கவில்லை. மகன் கேட்டிருந்தான் என்று பிஎஸ்2 ஒன்று வாங்கி வந்தார். பிஎஸ்3 வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் பிஎஸ்2. ஏன் என்று நான் ஃபோனில் கேட்டதற்கு, "மக்ளே, புதுசு வாங்கினா டிவியும் புதுசு வாங்கணும்லா" என்றார். எச்டி டிவி இல்லாமல் பிஎஸ்3 வாங்குவது வீண் என்று நான் பத்துப் பத்திரிகை படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு கடைக்காரனிடம் பேசியே தெரிந்துகொண்டிருந்தார். மகனுக்கு அதில் வேண்டியிருந்ததும் ஒன்றே ஒன்று: ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07. அந்த ஆட்டம் பிஎஸ்2விலும் கம்ப்யூட்டரிலும் மட்டுமே வந்தது. நாற்பதாயிரம் ரூபாய்ப் பொட்டியில் அது கிடையாது.

அதற்குப் பிறகு விலை வித்தியாசம் மெல்ல மெல்லக் குறைந்தது. பிஎஸ்4 2014 ஜனவரியில் 39,990. எக்ஸ்பாக்ஸ் ஒன் அதே வருடம் செப்டம்பரில், அதே 39,990. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது விளையாட்டுப் பொட்டிகளை 28 சதவீதத்தில் போட்டார்கள். 2019 ஜனவரியில் அதை 18 ஆக இறக்கினார்கள். 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 49,990, சின்னத்தம்பி சீரிஸ் எஸ் 34,990. பிஎஸ்5 2021 பிப்ரவரி 2ஆம் தேதி 49,990. டாலர் எழுபத்து மூன்று என்றால் 685 டாலர்; இங்கே 499. 2007ல் அமெரிக்க விலையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் கொடுத்த ஊர், 2021ல் ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல் கொடுத்தது.

இங்கே தலைகீழாக ஒன்று நடந்தது. பழைய காலத்தில் பொட்டி வயதாக ஆக விலை இறங்கும். பொறுத்தவன் பூமி ஆண்டான். இப்போது ஏறுகிறது. 2020ல் 499.99 டாலருக்கு வந்த பிஎஸ்5, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 549.99 ஆனது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதே வருடத்தில் இரண்டு முறை ஏறி 649.99. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2, 2025 ஜூனில் 449.99 டாலருக்கு வந்தது. 2017ல் முதல் ஸ்விட்ச் 299.99. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த 'தீபாவளி கழிஞ்சு வாங்கு, விலை விழும்' என்ற சூத்திரம் இந்தச் சரக்குக்கு இனிமேல் செல்லாது.

கேட்டவர்களுக்குப் பதில். பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ், ஸ்விட்ச் மூன்றுமே 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் முள்ளை மாற்றினால் போதும். என்டிஎஸ்சி, பால் தொல்லை எச்டிஎம்ஐ வந்ததோடு தீர்ந்தது. வட்டுகளும் எந்த நாட்டுப் பொட்டியிலும் ஓடும். தொல்லை இப்போது கணக்கில் இருக்கிறது. பிள்ளையின் ப்ளேஸ்டேஷன் கணக்கு இந்தியாவில் திறந்ததாக இருந்தால் நீங்கள் இங்கே வாங்கும் டாலர் கிஃப்ட் கார்டு அதில் ஏறாது. இங்கே வாங்கின வட்டுக்கு அங்கே வாங்கின உபரிப் பாகங்கள் ஒட்டாமல் போகலாம். ஊரில் பழுதானால் அமெரிக்க வாரன்ட்டியைக் காட்டிப் பயனில்லை. நூறு டாலர் மிச்சம் பிடிக்கக் கைப்பெட்டியில் நாலரை கிலோ தூக்கிக்கொண்டு போவதற்கு, பிஎஸ்5ஐ அங்கேயே பில் போட்டு வாங்கிக் கொடுங்கள். ஸ்விட்ச் என்றால் வேறு கணக்கு. 2017ல் வந்தபோது நிண்டெண்டோ அதை இந்தியாவில் முறையாக விற்கவில்லை. அங்கே கிடைத்ததெல்லாம் யாரோ கொண்டுவந்து விற்றது. அதை மட்டும் இங்கிருந்து எடுத்துப்போவதில் அர்த்தம் உண்டு. பெட்டியில் இடமும் அடைக்காது.

இன்னும் ஒன்று, வாங்குமுன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அங்கே ஆட்டம் முழுக்க ஃபோனுக்குப் போய்விட்டது. பப்ஜியை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, மறு வருடம் காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பவும் வந்தது. மாமா பேரனுக்கு அந்தத் தேதிகள் எல்லாம் மனப்பாடம். போன வருடம் அவனுக்கு பிஎஸ்5 வாங்கித் தருகிறேன் என்றேன். "வேண்டாம் சித்தப்பா, அது வீட்டுக்குள்ள டிவி முன்னால ஒத்தைக்கு இருந்து ஆடணும். கூட்டுக்காரனுவ யாருகிட்டயும் இல்ல. ஒரு ஃபோன் கூலர் வாங்கிட்டு வாங்க" என்றான். பதினெட்டு டாலர். ஃபோனுக்குப் பின்னால் ஒட்டவைக்கிற குட்டி ஃபேன். வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்க வோல்ட் எவ்வளவு?" என்று கேட்டார்.